பேசியவர்கள் பட்டியல்

ஆடி மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை, ஆத்திப்பாறை பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் செல்லப்பாண்டியின் டீக்கடையில், விலைப்பட்டியல் எழுதித் தொங்கவிட்டிருந்த கறுப்புப் பலகையில் டீயும் காபியும் உளுந்துவடையும் காணாமல் போய், அவை இருந்த இடத்தில் 'பேசியவர்கள்' என்று ஒரு தலைப்பும், தலைப்புக்குக் கீழே இரட்டைக் கோடும், கோட்டுக்குக் கீழே ஒன்று என்று எண் போட்டுச் செல்லப்பாண்டியின் பெயரும், பெயருக்குப் பக்கத்தில் மூன்று பெருக்கல் குறிகளும் வெள்ளைச் சாக்பீஸில் எழுதப்பட்டிருந்தன. முந்தின நாள் சாயங்காலம் அவன், குளத்தில் இரவும் பகலுமாக மண் அள்ளுகிற லாரிகளுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று வாய்விட்டுக் கேட்டிருந்தான். முதலில் ஒரு தரம் கேட்டு, பிறகு மூன்று தரம் கேட்டான். அதனால் குறிகளில் ஒரு பிழையும் இல்லை.

பேய் என்றோ பில்லி சூனியம் என்றோ ஒருவரும் சொல்லவில்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலகையை எட்ட நின்று பார்த்துவிட்டு, "இது நம்ம வடிவு எழுத்துல்லா" என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள். செல்லப்பாண்டி ஈரத்துணியை எடுத்துத் துடைத்தான். காய்ந்ததும் பெயர் திரும்பி வந்தது. பிறகு, ஐம்பது வயது ஆள், பேரன் எடுத்தவன், தன்னை அறியாமல் வலது கையை முன்னால் நீட்டி உள்ளங்கையை விரித்தான்.

அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஊரில்தான் இல்லை. வாத்தியார் டீ குடிக்கப் போனால் கிளாஸ் லீடர் எழுந்துபோய்ப் பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸும் கையுமாக நிற்க வேண்டும். மற்ற பிள்ளைகள் ஒரு கையைக் கட்டி, மறு கை விரலை உதட்டின்மேல் வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். எவராவது வாய் திறந்தால் பெயர் பலகையில் ஏறும். மறுபடி திறந்தால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி விழும். வாத்தியார் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து குறிக்கு ஓர் அடி என்று உள்ளங்கையில் கொடுத்துவிட்டுப் பலகையை அழித்துவிடுவார். அழிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் கிளாஸ் லீடராக இருந்தவள் சண்முகவடிவு. கையெழுத்து மணிமணியாக இருந்ததாலும், முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்ததாலும் கனகசபாபதி சார் அவளைத் தேர்ந்தெடுத்தார். இப்போது அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. பேரூராட்சி அலுவலகத்தில் எழுத்தர். மாதம் ஒருமுறை மன்றக் கூட்டம் நடக்கும்போது மூலையில் உட்கார்ந்து தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அவள் ஒவ்வொரு தீர்மானத்துக்குக் கீழும் எழுதிய வாக்கியம் ஒன்றேதான்: 'விவாதமின்றி ஒருமனதாக நிறைவேறியது.' அதை எழுதும்போதும் கையெழுத்து மணிமணியாகத்தான் இருக்கும்.

டீக்கடைப் பலகையை வந்து பார்த்தவள், தன் எழுத்துதான் என்று உடனே ஒப்புக்கொண்டாள். 'ண'வின் சுழிகளை அவளைப்போல் சுழிப்பவர் அந்த ஊரிலேயே கிடையாது. ஆனால் அவள் எழுதவில்லை. எழுதவில்லை என்பதையும் யாரும் சந்தேகப்படவில்லை. எழுதாமல் வந்த எழுத்துக்கு அவள் என்ன செய்வாள் என்று அவளைவிட ஊர்தான் சமாதானம் சொன்னது.

அதற்குப் பிறகு ஊரில் கறுப்பாக எது இருந்ததோ அதிலெல்லாம் பெயர் வந்தது. புதுத் தார்ச்சாலையில் வந்தது, விரித்த குடைகளின் முதுகில் வந்தது, எருமை மாடுகளின் விலாவில் வந்து அவற்றோடு மேய்ச்சலுக்குப் போய் வந்தது, வழக்குக்காக வந்த வக்கீலின் கோட்டில் வந்து அவர் பஸ் ஏறும்வரை அவருக்குத் தெரியாமல் இருந்தது. மாமியார் மருமகள் சண்டைக்குப் பெயர் வராது. சினிமாப் பேச்சுக்கு வராது. அடுத்த வீட்டுக்காரியைப் பற்றி விடிய விடியப் புறம் பேசினாலும் வராது. யாராவது 'ஏன்' என்றோ 'யார்' என்றோ கேட்டால் வந்தது. ரேஷன் அரிசி ஏன் எடை குறைகிறது என்று கேட்டவளுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏன் பத்து மணிக்கே போய்விடுகிறார் என்று கேட்டவனுக்கு வந்தது.

டீக்கடைப் பலகைக்குப் பச்சை வர்ணம் அடிக்கலாம் என்று பேரூராட்சிச் செயல் அலுவலர் மேலிடத்துக்கு எழுதி யோசனை கேட்டார். அடித்தும் பார்த்தார்கள், பெயர் பக்கத்து டயர்க் கடைக்கு நகர்ந்துகொண்டது. ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகாது அந்த ஊர். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு, 'பையன் பெயர் இதுவரை எந்தப் பலகையிலும் வந்ததில்லை' என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னார்கள். எருமை வாங்க வருகிறவர்கள் பெயர் இல்லாத எருமையாகப் பார்த்துக் கேட்டார்கள். டீக்கடையில் இளைஞர்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு டீ குடிக்கப் பழகினார்கள். கிளாஸை எப்படிப் பிடித்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

இதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. அடி வாங்கினால்தானே பெயர் அழியும் என்று யாரோ கிளப்பிவிட, ஊர்ப் பெரிய மனிதர்கள், தபால் நிலையத்தில் ஓய்வு பெற்றவர், ரைஸ்மில்காரர், ராணுவத்தில் பதினைந்து வருஷம் துப்பாக்கி பிடித்துவிட்டு வந்த ஓர் ஆள் உட்பட, எண்பது வயது கனகசபாபதி சார் வீட்டு வாசலில் வரிசை கட்டி நின்று, சட்டைக்கையை மடித்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார்கள். அவர் கைத்தடியால் ஆளுக்கு இரண்டு தட்டு தட்டினார். "நான் வளத்த பிள்ளையள் எவ்வளவு கட்டுப்பாடு பாத்தியா" என்று மருமகளிடம் பூரித்துப்போய்ச் சொன்னார். தட்டு வாங்கியவர்களில் ஒருவர் பெயரும் அவருக்கு ஞாபகம் இல்லை. பலகைகளிலும் ஒரு பெயர் அழியவில்லை.

சண்முகவடிவு அந்த வரிசையைச் சைக்கிளில் கடந்து போனாள். ஆத்திரப்பட வேண்டிய இடம்தான். ஆனால் அவளுக்கு அப்போது வந்தது ஆத்திரம் இல்லை, நிம்மதி. தன் பெயர் எங்கும் வரவில்லையே என்கிற நிம்மதி. கிளாஸ் லீடர் தன் பெயரை எழுத மாட்டாள் என்பது அவளுக்கு அன்றைக்கும் தெரியும், இன்றைக்கும் தெரியும்.

அந்த நிம்மதி ஆவணி பிறக்கிறவரைதான் இருந்தது. அவள் மகள் ரஞ்சனி அதே பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் படித்தாள். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் அடுப்படிக்கு வந்தவள், கிழக்குக் கட்டடத்தில் மூன்றாம் பெஞ்சுக்கு மேலே கூரையிலிருந்து சிமெண்டு ஒரு பாளமாகப் பெயர்ந்து விழுந்ததையும், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துத் தெரிவதையும், அந்தப் பெஞ்சுப் பிள்ளைகள் அன்றைக்குப் பிரார்த்தனைக்குப் போயிருந்ததால் தப்பித்ததையும், வெளியே சொல்லக்கூடாது என்று டீச்சர் சொன்னதையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "வெள்ளையடிச்சி ரெண்டு மாசந்தானம்மா ஆவுது, ஏன் விழுது?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை வடிவு தோசைக்கல்லை எடுத்தபோது, கல்லின் நடுவில் 'ரஞ்சனி, 9 பி' என்று எழுதியிருந்தது. தன் கையால் தொட்டிலாட்டி, தன் கையால் தலைபின்னிவிட்ட பிள்ளையின் பெயரைத் தன் கையெழுத்திலேயே அந்தக் கறுப்பில் பார்த்தாள். பார்த்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கூரையைப் பார்த்திருக்க வேண்டும். அவளோ மகளைப் பார்த்து, "இனிமே வாயத் தொறக்கப்படாது, கேட்டியா?" என்றாள். ரஞ்சனி ஒரு கையைக் கட்டி, மறு கை விரலை உதட்டின்மேல் வைத்தாள். அம்மா மறுபடி பேசச் சொன்ன பிறகும் எடுக்கவில்லை. ஒரு கையாலேயே சாப்பிட்டாள், ஒரு கையாலேயே படித்தாள், தூங்கும்போதும் விரல் உதட்டிலேயே இருந்தது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்ப்பார்கள். பிறகு பள்ளிக்கூடம் என்று ஒன்று கட்டி, அந்த வாயை மூடி அனுப்புவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டம். ஏழாவது பொருள், 'கிழக்குக் கட்டடம் பழுது பார்க்கப்பட்டு உறுதியாக உள்ளது' என்ற தீர்மானம். பழுது பார்த்தது பேரூராட்சித் தலைவர் செந்தூர்க்கனியின் மைத்துனன். பார்த்தது என்றால் பார்த்ததுதான், வேறொன்றும் செய்யவில்லை, மேலே வெள்ளையடித்தான். தீர்மானம் நிறைவேறிவிட்டால் இனி ஐந்து வருஷத்துக்கு அந்தக் கூரையை யாரும் தொடமாட்டார்கள், திங்கட்கிழமை மூன்றாம் பெஞ்சில் பிள்ளைகள் மறுபடி உட்காருவார்கள். அதில் ஒருத்தி ரஞ்சனி.

வியாழக்கிழமை மத்தியானம் வடிவு, தன்னோடு படித்த தங்கபுஷ்பத்தின் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு அவள் கண்ணில் படாமலே இருபத்தெட்டு வருஷம் ஓட்டியிருந்தாள். ஒரே ஊரில் அப்படி ஓட்டுவதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டும். தங்கபுஷ்பத்தின் பெயர்தான் ஊரில் மிக அதிகம் வந்தது. கடையின் பெரிய தோசைக்கல்லில் அவள் பெயரும் பெருக்கல் குறிகளுமாக விளிம்புவரை நிறைந்து, மாவை ஊற்றி எடுத்தால் தோசையின் அடியில் அவள் பெயர் இடவலம் மாறி வெள்ளையாகப் பதிந்து வந்தது. அதைத் தின்றால் நமக்கும் பேச்சு வந்துவிடுமோ என்று பயந்து பாதிப்பேர் அந்தப் பக்கம் வருவதில்லை. அவள் கவலைப்படாமல் லாரிக்காரர்களுக்குச் சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வடிவு உட்காரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் தங்கபுஷ்பம் பெயருக்குப் பக்கத்தில் பதினோரு குறி போட்டதைச் சொன்னாள். பதினோரு அடியில் கை வீங்கி, காலாண்டுப் பரீட்சையில் அவள் பேனா பிடிக்க முடியாமல் இருந்ததைத் தான் முதல் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்ததைச் சொன்னாள். அதன் பிறகு அவள் பத்தாம் வகுப்பைத் தாண்டாமல் போனது தனக்குத் தெரியும் என்றும் சொன்னாள். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை.

தங்கபுஷ்பம் தோசையைத் திருப்பிப் போட்டாள். "ஏட்டி வடிவு, நீ குறி போட்டதுக்கு நான் உன்ன ஒண்ணும் நெனைக்கல. போடலைன்னா அந்த ஆளு உன்ன அடிச்சிருப்பாரு. ஆனா இப்பவும் தெனம் காலையில கல்ல எடுத்தவுடனே பாக்கேன். எம்பேரு இருக்கு, குறி இருக்கு. நான் என்ன சொன்னேம்னு மட்டும் இல்ல. அன்னைக்கும் எழுதல, இன்னைக்கும் எழுதல. நான் அன்னைக்கு என்ன சொன்னேம்னு உனக்காச்சும் ஞாபகம் இருக்கா?"

வடிவுக்கு ஞாபகம் இருந்தது. தலையை ஆட்டினாள்.

"அது போதும், சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்லி, தங்கபுஷ்பம் தன் பெயர் பதிந்த தோசையை இலையில் வைத்தாள். வடிவு அதை ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. கவுன்சிலர்கள் பதினைந்து பேரும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தலைவர் செந்தூர்க்கனி வடிவு வகுப்பிலேயே படித்தவர். கனகசபாபதி சாருக்கு அடுத்த அறைக்கு ஓடிப்போய்ப் பிரம்பு எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கும் வேலை அவருடையது. பிரம்பு எடுத்துக் கொடுத்தவன் அடி வாங்கமாட்டான். அதைக் கற்றுக்கொண்ட பிறகு வேறு பாடம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் இருக்கைக்குப் பின்னால் கூட்டப் பொருள்கள் எழுதுகிற கறுப்புப் பலகை சுவரை அடைத்துக்கொண்டு இருந்தது. பார்வையாளர் பெஞ்சில் தங்கபுஷ்பம் மட்டும், கையில் மாவு காயாமல், உட்கார்ந்திருந்தாள்.

ஆறு தீர்மானங்கள் ஆறு நிமிஷத்தில் நிறைவேறின. ஏழாவதைத் தலைவர் படித்தார். கவுன்சிலர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். "எம்மா வடிவு, ஒருமனதான்னு எழுதிக்கோ" என்றார்.

எழுத்தருக்கு மன்றத்தில் பேச உரிமை கிடையாது. அவள் எழுந்து நின்றாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு எழுந்து நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"அந்தக் கூரையிலருந்து திங்கக்கிழம ஒரு பாளம் விழுந்திருக்கு. எம்பிள்ள இருக்க கிளாசு. வெள்ளைதான் அடிச்சிருக்கு. அத ஏன் உறுதின்னு எழுதச் சொல்லுதீய?" என்றாள்.

தலைவருக்குப் பின்னால் பலகையில் சாக்பீஸ் கீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. 'பேசியவர்கள்.' இரட்டைக் கோடு. 'சண்முகவடிவு.' ஆயுசில் முதல்முறையாகத் தன் பெயரை அந்தத் தலைப்புக்குக் கீழே பார்த்தாள். அவள் வலது கை அதுபாட்டுக்கு நீண்டு, உள்ளங்கை விரிந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒருவரும் வரவில்லை. பிரம்பும் வரவில்லை. ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை செல்லப்பாண்டி கையை நீட்டியதிலிருந்து இன்றுவரை ஒருவரையும் யாரும் வந்து அடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாவிகளா, யார் வருவார் என்று இத்தனை நாள் கையை நீட்டிக்கொண்டு நின்றோம்?

வந்த ஆத்திரத்தில் நேரே பலகைக்குப் போய், தட்டிலிருந்த சாக்பீஸை எடுத்து, தன் பெயருக்குப் பக்கத்தில், 'கூரை விழுகிறது, வெள்ளைதான் அடித்திருக்கிறார்கள்' என்று எழுதினாள். அதுவும் அதே மணிமணியான எழுத்து. எது தானாக வந்தது, எது அவள் எழுதியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒன்பதாம் வார்டு ஞானசௌந்தரி கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். தன் மகன் விழுந்த சிமெண்டில் ஒரு துண்டைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்ததாகவும், கேட்டால் வம்பு என்று அதைக் கிணற்றில் போட்டுவிட்டதாகவும் அழுதுகொண்டே சொல்லிவிட்டு, ஏன் போட்டேன், ஏன் போட்டேன் என்று தன்னையே கேட்டாள். பெயர் வந்தது. வடிவு பக்கத்தில் எழுதினாள். பிறகு நான்காம் வார்டு, பிறகு பன்னிரண்டு. பெயர் வர வர அவள் எழுதிக்கொண்டே போனாள்.

"ஏய், ஏன் எழுதுத? யாரக் கேட்டு எழுதுத?" என்று தலைவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் கீச்சென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். 'செந்தூர்க்கனி' என்று இருந்தது, பக்கத்தில் ஒரு குறியோடு. ஊரையே ஆட்டிவைத்த அந்த மனிதர், தங்க மோதிரம் போட்ட வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்துக்கொண்டு, மன்றம் முழுக்கப் பார்க்க நின்றார். யாரும் சிரிக்கவில்லை. தங்கபுஷ்பம்தான் கடைசியில், "கைய மடக்குல, யாரும் அடிக்க வரல" என்றாள். வடிவு அவர் பெயருக்குப் பக்கத்திலும் அவர் சொன்னதை அப்படியே எழுதினாள்.

ஏழாவது தீர்மானம் நிறைவேறவில்லை. கிழக்குக் கட்டடத்தைப் பூட்டி, சாவியை ஞானசௌந்தரி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அடுத்த புதன்கிழமை, பிள்ளைகள் மைதானத்து வேம்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது, கூரை மொத்தமும் காலி பெஞ்சுகளின்மேல் இறங்கியது. இது ஊருக்குத் தெரிந்திருந்தும் ஏன் ஒருவரும் முன்னமே சொல்லவில்லை என்று மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி கேட்டார். கேட்டதால் அவர் பெயரும் அவர் ஜீப்பின் கறுப்புப் பின்பக்கத்தில் ஏறி, அவரோடு ஊர் போய்ச் சேர்ந்தது.

ஆனால் இதெல்லாம் பிறகு. கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம், வடிவு கையில் ஒரு சாக்பீஸ் துண்டோடு வீட்டுக்கு வந்தாள். ரஞ்சனி விரலை உதட்டில் வைத்தபடி அடுப்படி வாசலில் நின்றாள். நாலு நாளாக அதே நிலை. வடிவு தோசைக்கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மகளுடைய பெயர் அழியாமல் இருந்தது.

"அம்மா தப்பாச் சொல்லிட்டேன். நீ சொல்லு, ஒண்ணொண்ணாச் சொல்லு. நான் எழுதுதேன்" என்றாள்.

ரஞ்சனியின் விரல் உதட்டைவிட்டு இறங்க வெகுநேரம் பிடித்தது. முதலில் கூரையைச் சொன்னாள். வடிவு எழுதினாள். தண்ணீர்த் தொட்டியில் பல்லி கிடந்ததைச் சொன்னாள். எழுதினாள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். ரஞ்சனி அடுத்ததை ஏதோ மழை வெயில் மாதிரி உலகத்தில் எப்போதும் இருக்கிற சங்கதிபோலச் சொன்னாள்.

"பொம்பளப் பிள்ளையள் கக்கூசுக்குக் கதவு கெடையாதும்மா. ரெண்டு பேரு துப்பட்டாவப் பிடிச்சிக்கிட்டு நிக்கணும். அப்பந்தான் ஒருத்தி போவ முடியும்."

சாக்பீஸ் நின்றுவிட்டது. வடிவு படித்தபோது துப்பட்டா இல்லை, தாவணி. அது ஒன்றுதான் வித்தியாசம். தாவணியின் ஒரு முனையைத் தங்கபுஷ்பமும் மறு முனையை வடிவும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அந்தக் கதவைத்தான் ஒன்பதாம் வகுப்பில் தங்கபுஷ்பம் கேட்டாள். அதைக் கேட்டதற்குத்தான் பதினோரு குறி.

வடிவு கல்லில் மகளுடைய பெயருக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, 'தங்கபுஷ்பம், 9 பி' என்று முதலில் எழுதினாள். பக்கத்தில், குறி எதுவும் போடாமல், 'கதவு இல்லை' என்று எழுதினாள். அதற்குக் கீழே ரஞ்சனி பெயருக்குப் பக்கத்திலும் அதையே எழுதினாள். பிறகு கல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் வீட்டுக்கு நடந்தாள். வழியில் தங்கபுஷ்பம் கடையை மூடிவிட்டுச் சேர்ந்துகொண்டாள்.